முன்னணையும் தொட்டிலும்



'தூணிலும் இருப்பான், துரும்பிலும் இருப்பான்' என்று பெரியோர் இறைவனைப் பற்றிச் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். பிரகலாதன் கதையை ஒட்டி வழங்கும் மொழி இது. இதில் வரும் தூணை நாம் ஒருபோதும் மறப்பதில்லை. தூண் பிளந்தது, நரசிங்கம் தோன்றியது, இரணியன் மாண்டான். சிற்பிகள் அதனைக் கல்லில் வடித்தார்கள். கூத்தர்கள் அதனை மேடையில் ஆடிக் காட்டினார்கள். ஆனால், உடன் சொல்லப்பட்ட துரும்பு என்னவாயிற்று? அதற்கென ஒரு கதை இல்லை. துரும்பிலும் இறைவன் உளன் என்பதை வாயளவில் ஒப்புக்கொண்டோமே அன்றி, குனிந்து அதனைப் பார்த்தவர்கள் மிகச் சிலரே.

கிறிஸ்து பிறப்புக் கதையைத் துரும்பின் கதை என்று நான் சொல்வதுண்டு. வைக்கோல் துரும்பின்மேல் கிடத்தப்பட்ட ஒரு குழந்தையைப் பற்றிய கதை அது. கிறிஸ்தவர்களும் அல்லாதவர்களுமாகிய நாம் எல்லோரும் ஆண்டுதோறும் அதனைக் கேட்கிறோம். அது எந்த இடத்தில் நிகழ்ந்தது என்பதை மட்டும் சற்று நின்று பார்ப்போம்.

லூக்கா எழுதிய நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தில் இச்செய்தி வருகிறது. இரவில் வயல்வெளியில் மந்தை காத்துக்கொண்டிருந்த இடையர்களுக்கு வானதூதன் ஓர் அடையாளம் சொல்கிறான். இறைமகன் பிறந்துள்ள இடத்தை அறிந்துகொள்ள அவன் சொன்ன அடையாளம் அரண்மனையோ கோபுரமோ ஒளிவட்டமோ அன்று. துணியில் சுற்றிய ஒரு குழந்தை மாட்டுத் தீவனம் இடும் இடத்தில் கிடக்கும் என்பதே அடையாளம். விண்மீனைக் கண்டு வந்தவர்கள் ஞானிகள்; அவர்கள் வரலாறு மத்தேயுவின் நூலில் உள்ளது. இடையர்களுக்கு விண்மீன் எதுவும் காட்டப்படவில்லை. அவர்கள் நாள்தோறும் கண்டு பழகிய, கண்டும் கருதாமல் விட்ட ஒரு பொருளே அவர்களுக்கு அடையாளமாகத் தரப்பட்டது.

அப்பொருளைத் தமிழில் பெயர்த்தவர்கள் 'முன்னணை' என்றார்கள். அழகிய சொல். மாட்டின் முன்னே, தீனி சிதறாதபடி அணை கோலிய இடம் என்று அதனைப் பிரித்துப் பொருள் கொள்ளலாம். அண்மைக் காலத்து மொழிபெயர்ப்பில் 'தீவனத் தொட்டி' என்று வருகிறது. அது எளிதில் விளங்கும். எனினும் என் காதுக்கு முன்னணையே இனிக்கிறது. தமிழ் கற்பிப்பவன் ஆகலின் இந்தச் சார்பை நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இனி, 'சத்திரத்தில் இடம் இல்லை' என்று நாம் கேட்டுப் பழகிய செய்தியைப் பார்ப்போம். கொடிய மனம் படைத்த சத்திரக்காரன் ஒருவன் கருவுற்ற பெண்ணை விரட்டியதாக நாடகங்களில் காட்டுவார்கள். நற்செய்தி நூலில் அப்படி ஒருவன் இல்லை. லூக்கா அவ்விடத்தில் எழுதிய கிரேக்கச் சொல்லுக்கு விருந்தினர் தங்கும் அறை என்றும் பொருள் உண்டு. இயேசு தம் சீடர்களோடு கடைசி விருந்து அருந்திய அறைக்கும் அவர் அதே சொல்லையே ஆள்கிறார். நல்ல சமாரியன் கதையில் கூலி கொடுத்துத் தங்கும் விடுதியைக் குறிக்க வேண்டியபோது வேறொரு சொல்லைக் கையாளுகிறார். ஆதலின், உறவினர் வீட்டு விருந்தறை நிரம்பி வழிந்ததால், வீட்டார் புழங்கும் பகுதியிலேயே குழந்தை பிறந்தது என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். அக்காலத்துப் பாலஸ்தீனச் சிற்றூர் வீடுகளில் மனிதரும் கால்நடைகளும் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தனர். மனிதர் உறங்கும் தளம் சற்று உயர்ந்திருக்கும். வாயிலை ஒட்டிய தாழ்ந்த பகுதியில் மாடும் ஆடும் கழுதையும் இரவைக் கழிக்கும். இரண்டுக்கும் நடுவே தீவனத் தொட்டி. பாறைக் குகைகளும் தொழுவமாகப் பயன்பட்டன. இயேசு ஒரு குகையில் பிறந்தார் என்னும் மரபு இரண்டாம் நூற்றாண்டிலேயே எழுத்தில் காணப்படுகிறது. இன்று பெத்லகேமில் உள்ள பெருங்கோவிலும் ஒரு குகையின் மேலேதான் நிற்கிறது. அக்கோவிலின் வாயில் ஏறத்தாழ நான்கடி உயரமே உடையது. அரசனாயினும் குனிந்துதான் உள்ளே புக வேண்டும்.

இவற்றைப் படிக்கும்போது தருமபுரி மாவட்டத்து மாணவனுக்கு அந்நிய நாடொன்றைப் பற்றிப் படிப்பதாகத் தோன்றாது. பென்னாகரம், பாலக்கோடு, அரூர் வட்டாரங்களில் வீட்டுத் திண்ணைக்கு எதிரே, சில இடங்களில் வீட்டுச் சுவரை ஒட்டியே, கறவை மாடு கட்டியிருக்கும். இரவில் அது அசை போடும் ஓசையும் கழுத்து மணியின் ஓசையும் கேட்டுக்கொண்டே வீட்டார் உறங்குவர். அரிசி களைந்த நீரும் காய்கறித் தோலும் கழுநீர்த் தொட்டிக்குப் போகும். இம்மாவட்டத்தின் ஊர்ப் பெயர்களைப் பாருங்கள்: எத்தனை 'பட்டி'கள்! பட்டி என்றால் சிற்றூர். ஆடு மாடுகளை அடைக்கும் இடமும் பட்டியே. மந்தை அடைத்த இடம் மனிதர் வாழும் ஊராயிற்று என்பதை அச்சொல்லே சொல்லிக்கொண்டிருக்கிறது. பெத்லகேம் என்னும் எபிரேயப் பெயருக்கு 'அப்பத்தின் வீடு' என்பது பொருள். நம் பக்கத்தில் அவ்வூர் இருந்திருந்தால் களியின் பெயரால் வழங்கியிருக்கும் என்று ஒருமுறை வகுப்பில் சொன்னேன், மாணவர்கள் சிரித்தார்கள். ஆனால், அது வெறும் நகைச்சுவைக்காகச் சொன்னது அன்று. பசித்த ஊரின் அன்றாட உணவு எதுவோ அதன் பெயரைத் தாங்கிய ஊரில் இக்கதை நிகழ்கிறது.

காலமும் பொருந்துகிறது. டிசம்பர் 25 என்னும் நாளை நற்செய்தி நூல்கள் குறிப்பிடவில்லை. உரோமையில் அந்நாளில் விழா கொண்டாடியதற்கு நமக்குக் கிடைக்கும் பழைய சான்று கி.பி. 336-ஆம் ஆண்டைச் சார்ந்தது. நமக்கு அது மார்கழியின் ஒன்பதாம் நாளாகவோ பத்தாம் நாளாகவோ அமைகிறது. மானாவாரிக் கேழ்வரகு அறுவடை முடியும் பருவம். மொச்சையும் அவரையும் பனியில் நனைந்து பூத்து நிற்கும் காலம். அறுத்த நிலத்தில் எருவுக்காக ஆட்டுக்கிடை அமர்த்துவார்கள். கம்பளியைப் போர்த்திக்கொண்டு, பனியில் காவல் கிடக்கும் கிடைக்காரர்கள் நிலத்துக்கு வளம் தருபவர்கள். எனினும், அவர்களை வீட்டுக்குள் அழைத்து விருந்து வைப்பவர் அரியர். நற்செய்தி முதலில் எவருக்குச் சொல்லப்பட்டது என்பதை இங்கே நினைத்துப் பாருங்கள். அதே மார்கழிப் புலரியில் ஆண்டாளின் திருப்பாவையும் மாணிக்கவாசகரின் திருவெம்பாவையும் கோவில்களில் ஒலிக்கின்றன. வாயிலில் சாணம் தெளித்துக் கோலமிட்டு, சாண உருண்டையில் பூசணிப் பூவைச் செருகி வைக்கிறாள் ஒரு பெண். சாணத்தின்மேல் பூ வைக்கத் துணிந்த மக்களுக்கு முன்னணையில் கடவுள் என்னும் செய்தி புரியாமல் போகாது.

இடமில்லாத இடத்தில் இறைவன் வருவது தமிழருக்குப் புதிய செய்தியும் அன்று. இம்மாவட்டத்தின் வழியாக ஓடும் தென்பெண்ணையாறு கிழக்கே சென்று திருக்கோவலூரை அடைகிறது. மழை பெய்யும் ஓரிரவில் பொய்கையாழ்வார், பூதத்தாழ்வார், பேயாழ்வார் ஆகிய மூவரும் அவ்வூரில் ஒரு வீட்டின் இடைகழியில் ஒதுங்கினர் என்பது வைணவ மரபு. ஒருவர் படுக்க மட்டுமே போதிய இடம். இருவர் வந்தபோது அமர்ந்தனர். மூவர் ஆனபோது நின்றனர். அப்போது நான்காவதாக யாரோ நெருக்குவதை உணர்ந்தனர். வந்தவன் திருமால். கருவறையை விட்டு, கால் நீட்டவும் இடமற்ற நடையில் வந்து நெருக்கிய இறைவனை அம்மூவரும் பாடினர். இரண்டு சமயங்களின் கதைகளும் ஒன்றே என்று நான் சொல்ல வரவில்லை. அவற்றின் கொள்கைகள் வேறு. ஆயினும், 'இங்கே இடமில்லை' என்று சொல்லும் இடத்தை இரண்டும் ஒருவாறே பார்க்கின்றன.

தருமபுரிக்கு அருகே உள்ள கோவிலூர், பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்துப் பள்ளிப்பட்டி முதலியவை கத்தோலிக்கர் நெடுங்காலமாக வாழும் ஊர்கள். 1997-இல் சேலம் மறைமாவட்டத்தினின்றும் பிரித்துத் தருமபுரி மறைமாவட்டம் அமைக்கப்பட்டது. டிசம்பரில் இவ்வூர்களில் வீடுதோறும் குடில் எழும். குடில் கட்டும் வழக்கத்தை உலகில் பரப்பியவர் அசிசி நகரத்துப் பிரான்சிஸ். 1223-ஆம் ஆண்டு, இத்தாலியில் கிரேச்சோ என்னும் மலையூரில் ஒரு தீவனத் தொட்டியையும் வைக்கோலையும் மாட்டையும் கழுதையையும் கொண்டுவந்து நிறுத்தி, அவ்விடத்தில் நள்ளிரவு வழிபாடு நடத்தச் செய்தார். பளபளக்கும் உருவங்களை அவர் நாடவில்லை. குழந்தை எத்தகைய துன்பத்தில் கிடந்தது என்பதைக் கண்ணால் காண வேண்டும் என்பதே அவர் விருப்பம். விழா முடிந்தபின் அந்த வைக்கோலை நோயுற்ற கால்நடைகளுக்குக் கொடுத்தார்கள் என்று அவர் வரலாற்றை முதலில் எழுதியவர் குறிக்கிறார்.

நம் ஊர்க் குடிலில் புல்வெளி எப்படி வருகிறது தெரியுமா? விழாவுக்குப் பத்து நாட்களுக்கு முன்னர், அகன்ற தட்டுகளில் மண் பரப்பிக் கேழ்வரகைத் தூவி நீர் தெளிப்பார்கள். நான்கைந்து நாட்களில் முளைத்து, விழாவன்று விரலளவு உயர்ந்து பசேலென்று நிற்கும். அதுவே பெத்லகேமின் மேய்ச்சல் நிலம். மாரியம்மன் விழாவுக்கு முளைப்பாரி வளர்க்கும் கைகளுக்கு இது தெரிந்த வேலை. முளைப்பாரி இருட்டறையில் வளர்வதால் வெளிறி மஞ்சளாக இருக்கும், இது வெயிலில் வளர்வதால் பச்சை. கோவிலூர்ப் பக்கத்தில் ஒரு வீட்டில் இத்தகைய குடிலைக் கண்டு, விழா முடிந்ததும் இந்தப் பயிரை என்ன செய்வீர்கள் என்று அங்கிருந்த மூதாட்டியைக் கேட்டேன். "மூணு ராஜா திருநாள் வரைக்கும் சாமிக்கு மெத்தைங்க ஐயா, அப்புறம் மாட்டுக்குத் தீனிங்க" என்றார். கிரேச்சோவைப் பற்றி அவர் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பில்லை.

இத்தாலியில் பிறந்து தமிழ்நாட்டில் வாழ்ந்த வீரமாமுனிவர் 1726-இல் இயற்றிய 'தேம்பாவணி' 3,615 பாடல்களைக் கொண்டது. இயேசுவின் வளர்ப்புத் தந்தையாகிய சூசையை, வளன் என்னும் தமிழ்ப் பெயரால், காப்பியத் தலைவனாக்கியது. அதில் யூதேயா நாட்டைப் பாட வந்த கவிஞர் தமிழ்நாட்டு மழையையும் ஆற்றையும் வயலையும் பாடுகிறார். நில நூலாசிரியர் இதனைக் குற்றம் என்பார். தட்டில் கேழ்வரகு விதைக்கும் மூதாட்டி அப்படிச் சொல்லமாட்டார்.

இதுவரை சொன்னவை இனிமையானவை. ஆனால், குடிலில் எவரும் வைக்காத ஒரு காட்சி கதையில் உண்டு. பிறந்த குழந்தையைக் கண்டு அஞ்சிய ஏரோது மன்னன், பெத்லகேமிலும் அதன் சுற்றுப்புறத்திலும் இரண்டு வயதுக்கு உட்பட்ட ஆண் குழந்தைகளைக் கொல்லச் செய்தான் என்று மத்தேயு எழுதுகிறார். கத்தோலிக்கத் திருச்சபை கிறிஸ்து பிறப்புக்கு மூன்று நாள் கழித்து, டிசம்பர் 28-இல், அக்குழந்தைகளை நினைவுகூர்கிறது. வண்ணத் தாளும் மின்விளக்கும் சூழ்ந்த குடிலில் ஏரோதுக்கு இடம் தருவதில்லை. தருமபுரியில் இருந்துகொண்டு அவனை மறப்பது எளிதன்று. ஏன் என்று சொல்கிறேன்.

பிறந்தவுடன் குழந்தை ஆணா பெண்ணா என்று கேட்டு, பெண் என்றால் முகம் சுளிக்கும் பழக்கம் நாடெங்கும் உள்ளது. சேலம், தருமபுரிப் பகுதிகளில் அது முகச்சுளிப்போடு நிற்கவில்லை. வரதட்சணைச் சுமைக்கும் நிலம் பிரியும் என்ற அச்சத்துக்கும் பெண் சிசுக்கள் பலியாயின. பின்னர்க் கருவிலேயே கண்டறிந்து அழிக்கும் கொடுமையும் சேர்ந்துகொண்டது. இயற்கையில் 1,000 ஆண் குழந்தைகள் பிறக்கும் இடத்தில் ஏறத்தாழ 950 பெண் குழந்தைகள் பிறக்கும். 2001-ஆம் ஆண்டுக் குடிமதிப்பில், ஆறு வயது வரையிலான 1,000 ஆண் குழந்தைகளுக்குத் தமிழ்நாடு முழுவதிலும் 942 பெண் குழந்தைகள் இருந்தனர். தருமபுரியில், 2004-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிந்தபின் எஞ்சிய பகுதியைக் கணக்கிட்டால், இருந்தவர்கள் 826 பேரே. கணக்குப் பாடத்தில் தேர்ந்தவர்கள் கழித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே ஏரோது அரண்மனையில் இல்லை, வீட்டுக்குள்ளேயே இருந்தான். அவன் சொல்லுக்குத் தாயும் பாட்டியும் அஞ்சினார்கள்.

1992-இல் தமிழ்நாடு அரசு சேலம் மாவட்டத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. பெண் குழந்தையை வளர்க்க இயலாது என்று கருதுவோர் அதனைக் கொல்லாமல், அரசு வைத்துள்ள தொட்டிலில் விட்டுச் செல்லலாம். அரசு வளர்த்து, விரும்பும் பெற்றோருக்குத் தத்துக் கொடுக்கும். 2001-இல் இத்திட்டம் தருமபுரி உள்ளிட்ட வேறு சில மாவட்டங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. இதனைக் குறை கூறியவர்களும் உண்டு. பெண்ணைக் கைவிடுவதற்கு அரசே கதவு திறந்து வைப்பதா என்று அவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. தொட்டில் ஒன்றை வைத்துவிட்டால் வரதட்சணை ஒழிந்துவிடாது. ஆயினும், குழந்தை இன்றிரவு பிழைக்குமா என்னும் கேள்விக்கு முன்னால் மற்றக் கேள்விகள் சற்றுக் காத்திருக்கலாம் என்றே நான் நினைக்கிறேன். கருவில் உள்ள குழந்தை ஆணா பெண்ணா என்று கண்டு சொல்வதை 1994-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது. குழந்தையை ஒப்படைக்கும் பெற்றோர் மனம் மாறினால் மீட்டுக்கொள்ள இரண்டு மாத காலம் தர வேண்டும் என்று 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் கூறுகிறது. 2011-ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் தருமபுரியின் எண் 913 ஆக உயர்ந்தது. தொட்டில் மட்டுமே இதைச் செய்தது என்று சொல்ல முடியாது. பள்ளி சென்ற பெண்களும், ஊர்தோறும் பேசிய தொண்டர்களும், சட்டமும் சேர்ந்து செய்தவை. இன்னும் அந்த எண் இயற்கையின் அளவை எட்டவில்லை.

முன்னணை என்பது மாட்டுக்காகச் செய்யப்பட்டது. இடமற்ற ஒரு குழந்தைக்காக ஓரிரவு அதன் பயன் மாற்றப்பட்டது. மருந்து நாற்றம் வீசும் ஒரு மருத்துவமனை நடையில் தொங்கும் தொட்டிலைக் கடந்து நூறு பேர் போவார்கள். அதில் யார் கிடக்கிறார் என்று எட்டிப் பார்ப்பவர் ஒருவர் இருக்கக்கூடும். இடையர்கள் செய்ததும் அவ்வளவே. அவர்கள் பொன் கொண்டு போகவில்லை. விரைந்து சென்றார்கள், பார்த்தார்கள், கண்டதைப் பிறருக்குச் சொன்னார்கள்.

இத்தகைய இடம் ஒன்றை மட்டும் இன்னும் சொல்ல வேண்டும். அரூருக்குத் தென்கிழக்கே, கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் இடையே சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கு உள்ளது. மலையாளி என்னும் பழங்குடியினரும் லம்பாடிகளும் வாழும் பகுதி. மலைமேல் உள்ள ஊர்களுக்கு நெடுங்காலம் சாலை இல்லை. பேற்று வலி கண்ட பெண்ணைத் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டும். 1993-இல் ரெஜி ஜார்ஜ், லலிதா என்னும் மருத்துவத் தம்பதியர் இங்கு வந்தனர். ஊர் மக்கள் துணையோடு மண்ணாலும் கூரையாலும் ஒரு குடிசை எழுப்பி, அதையே மருத்துவமனையாக்கினர். மின்விளக்கு ஒன்றின் ஒளியில், மரப் பலகையின்மேல், பேறு பார்த்தார்கள்; சிறு அறுவைகளும் செய்தார்கள். அந்நாளில் அப்பகுதியில் பிறந்த 1,000 குழந்தைகளுள் ஏறத்தாழ 150 ஓராண்டு நிறையுமுன்னரே இறந்துகொண்டிருந்தன. வெளியூரிலிருந்து செவிலியர் வரத் தயங்கியபோது, அப்பள்ளத்தாக்கின் பெண்களையே தேர்ந்து பயிற்றுவித்தனர். பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்திய பெண்களும் அவர்களுள் இருந்தார்கள். இரத்த அழுத்தம் பார்க்கவும், மருந்து கொடுக்கவும், பேறு பார்க்கவும் அவர்கள் கற்றார்கள். மலையூர்களில் குழந்தைகளை எடை போட்டுக் குறித்து வைக்கும் வேலையை மூத்த பெண்கள் ஏற்றார்கள். குடிசை பிறகு கட்டடமாக வளர்ந்தது. குழந்தை இறப்பு பல மடங்கு குறைந்தது.

தொடக்க நாட்களில் அந்தக் குடிசையில் பிறந்த குழந்தைகளுக்கு இப்போது முப்பது வயது கடந்திருக்கும்.